மென்பொருள் வேலையை விட்டுவிட்டு எம்.பி.ஏ. படிக்கச் செல்வது சரியா?

கேள்வி: பில்லிங்லீட்

அனைவருக்கும் வணக்கம். மென்பொருள் துறையில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். தற்போது சந்தா முறையில் சேவை வழங்கும் ஒரு நிறுவனத்தில் பில்லிங் பிரிவின் டெக் லீடாக, அதாவது தொழில்நுட்பக் குழுவை வழிநடத்துபவனாக, இருக்கிறேன். சம்பளத்தில் குறையில்லை, மேலாளரோடு மனத்தாங்கலும் இல்லை. இருந்தும் வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டு முழுநேர எம்.பி.ஏ. படிக்கச் செல்லலாமா என்ற எண்ணம் கொஞ்ச காலமாக என்னை விடவில்லை.

இந்த எண்ணம் எங்கிருந்து முளைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுச் சந்தாவுக்குத் தள்ளுபடி தரும் வசதியை எங்கள் குழு உருவாக்கியது. வாடிக்கையாளர் 12 மாதப் பணத்தையும் ஒரே நாளில் கட்டிவிடுவதால், எங்கள் தரவுத்தளத்தில் முழுத் தொகையும் அன்றே வரவாகிவிடும். நிதிப் பிரிவின் மாத அறிக்கையிலோ அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டுமே வருவாயாகக் காட்டப்பட்டிருந்தது. இரண்டு எண்களும் ஏன் ஒத்துவரவில்லை என்று விசாரித்தபோது, மீதித் தொகை நாங்கள் இன்னும் வழங்காத சேவைக்கான கடப்பாடாக இருப்புநிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்) நிற்கிறது என்றும், மாதம் ஒன்று கழியக் கழிய அது வருவாய்க்கு நகரும் என்றும் விளக்கினார்கள். கையில் பணம் இருக்கிறது, ஆனால் அது இன்னும் ஈட்டிய பணம் ஆகவில்லை என்ற அந்த விளக்கம் தந்த ஆர்வத்தை, அண்மைக் காலத்தில் எந்தக் கோட் ரிவியூவும் எனக்குத் தரவில்லை.

அதன் பிறகு, நாங்கள் பாதி கட்டி முடித்திருந்த இன்னொரு வசதியை நிறுத்திவிடும்படி ஒரு மின்னஞ்சல் வந்தது. முடிவு சரியானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது எந்தக் கணக்கின் அடிப்படையில், யார் யார் கூடிப் பேசி எடுக்கப்பட்டது என்பது அதைக் கட்டிக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த அறைக்குள் உட்கார வேண்டும் என்பதுதான் என் விருப்பம் என்று நினைக்கிறேன்.

எனக்கு வேண்டியது எதை உருவாக்குவது என்று தீர்மானிக்கும் புராடக்ட் மேனேஜர் பணியா, பிற நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டிங்கா, பிற்காலத்தில் சொந்தத் தொழிலா என்பதில் இன்னும் தெளிவில்லை. படிக்கப் போனால் தெளிவு தானாகப் பிறக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் பார்த்து வைத்திருக்கும் கல்லூரிகளில் மொத்தக் கட்டணம் என் ஓராண்டுச் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆகிறது. பெரும்பகுதியைக் கடனாகத்தான் வாங்க வேண்டும். இந்தப் பாதையில் போனவர்களும், யோசித்துவிட்டுப் போகாமல் நின்றவர்களும் தங்கள் கருத்தை எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: கணக்காளர்

நண்பரே, நீங்கள் எழுதிய அந்த ஒன்றரை மடங்கு, மொத்தச் செலவில் பாதிகூட ஆகாது. கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம்.

வரி போக உங்கள் கைக்கு வரும் இப்போதைய ஆண்டுச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்வு வருமென்றால், படிக்கும் இரண்டு ஆண்டுகளில் நீங்கள் விட்டுக்கொடுப்பது 100-ம் 108-ம் சேர்ந்து 208. கட்டணம் 150. இடையில் வரும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்பில் 20 கிடைப்பதாகக் கழித்தால், மொத்தம் 338. இங்கே பலர் வாடகை, சாப்பாடு முதலிய வாழ்க்கைச் செலவையும் இதன்மேல் ஏற்றித் தொகையை வீங்கவைத்துவிடுகிறார்கள். வேலையில் இருந்தாலும் அந்தச் செலவு இருந்திருக்கும் என்பதால், இடம் மாறுவதால் கூடும் பகுதியை மட்டும் சேர்த்தால் போதும்.

இனி வரவுப் பக்கம். இருக்கும் வேலையிலேயே தொடர்ந்திருந்தால் மூன்றாம் ஆண்டில் உங்கள் சம்பளம் ஏறத்தாழ 117 ஆகியிருக்கும். பட்டத்துக்குப் பின் 180 கிடைத்தால் ஆண்டுக்கு 63 கூடுதல். அந்த இடைவெளி அப்படியே நீடித்தால் 338-ஐ மீட்க ஏறத்தாழ ஐந்தரை ஆண்டு ஆகும். 180-க்குப் பதில் 150 மட்டுமே கிடைத்தால் கூடுதல் 33 தான். மீட்பதற்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிவிடும். தொடக்கச் சம்பளம் ஆறில் ஒரு பங்கு குறைந்ததற்கே காத்திருக்கும் காலம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆகவே கல்லூரி வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கையில் சராசரிச் சம்பளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நடுநிலைச் சம்பளம் (எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கியது) எவ்வளவு, கீழ்க் கால்பகுதியினர் வாங்கியது எவ்வளவு, படிப்பு முடிந்து மூன்று மாதம் ஆகியும் வேலை கிடைக்காதவர்கள் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்பனவற்றைத் தேடிப் பாருங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் இருக்கும்.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 100 கடன் வாங்குகிறீர்கள், வட்டி 10 விழுக்காடு, முழுத் தொகையும் முதல் நாளே கைக்கு வந்துவிடுகிறது, படிக்கும் இரண்டு ஆண்டுகளும் தவணை இல்லை என்று கொள்வோம். தனிவட்டியாகக் கணக்கிட்டாலும் படிப்பு முடியும்போது பாக்கி 120 ஆகியிருக்கும். அதைப் பத்து ஆண்டில் மாதத் தவணையாக அடைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 வீதம், மொத்தம் 190 கட்டியிருப்பீர்கள். தொகையைவிட அது உங்கள் தேர்வுகளை எப்படிக் குறுக்கும் என்பதே எனக்குக் கவலை. சொந்தத் தொழில் என்ற ஆசையையும் எழுதியிருக்கிறீர்கள். மாதந்தோறும் அந்தத் தவணை காத்திருக்கும்போது, சம்பளமில்லாத ஸ்டார்ட்அப்பில் இறங்கும் துணிவு பலருக்கு வருவதில்லை; யார் அதிகம் தருகிறார்களோ அங்கே போய்ச் சேர்கிறார்கள். தொழில் தொடங்குவதே குறிக்கோள் என்றால், அந்த 338-ஐ முதலாகவே வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது கேட்டால் என்னிடம் நல்ல மறுமொழி இல்லை.

இன்சியாட் போன்ற வணிகப் பள்ளிகளில் எம்.பி.ஏ. 10 மாதங்களில் முடிந்துவிடுகிறது. இழக்கும் சம்பளம் பாதிக்கும் கீழே இறங்கும் என்பதால், மேலே சொன்ன கணக்கு முழுவதும் மாறிவிடும். இரண்டு ஆண்டுப் படிப்பை மட்டும் ஏன் பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்பதை யோசியுங்கள்.

பதில் 2: முழுநேரம் படித்தவர்

கணக்காளர் அவர்களின் எண்களில் குறை காணவில்லை. ஆனால் ஓராண்டுப் படிப்பை அவர் பரிந்துரைத்த வேகத்தில், துறை மாற நினைப்பவருக்கு மிக முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது. இரண்டு ஆண்டுப் படிப்பின் நடுவில் வரும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்பை அவர் கணக்கில் வரும் வெறும் 20 என்ற வரவாகப் பார்க்கக் கூடாது. அதுவரை நிரல் மட்டுமே எழுதிய ஒருவரை ஒரு கன்சல்டிங் நிறுவனமோ நிதி நிறுவனமோ பரீட்சித்துப் பார்க்கத் துணிவது அந்தச் சில வாரங்களில்தான். நிரந்தர வேலைக்கான அழைப்புகளில் பல அங்கிருந்தே வருகின்றன. ஓராண்டுப் படிப்புகள் பலவற்றில் இதற்கு இடமே இருக்காது. இன்சியாடிலேயே ஜனவரியில் சேர்பவர்களுக்கு இடையில் கோடைக்கால இன்டர்ன்ஷிப் செய்ய வாய்ப்பு உண்டு. ஆண்டின் பிற்பகுதியில் சேர்பவர்களுக்கு அந்த இடைவெளி கிடையாது. இருக்கும் துறையிலேயே மேலே போக நினைப்பவருக்கு ஓராண்டு போதும். முற்றிலும் வேறு பணிக்குத் தாவ நினைப்பவருக்கு அது நெருக்கடி.

படிக்கப் போனால் தெளிவு பிறக்கும் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் கால அட்டவணையைச் சொல்லவில்லை போலும். வகுப்புகள் தொடங்கிய சில வாரங்களிலேயே நிறுவனங்கள் வளாகத்துக்கு வந்து அறிமுகக் கூட்டங்கள் நடத்தத் தொடங்கிவிடும். அடுத்த கோடைக்கான நேர்காணல்கள் முதலாண்டின் நடுப்பகுதியிலேயே நடந்துவிடும். கன்சல்டிங் நேர்காணல் என்றால், லாபம் குறைந்துவரும் ஒரு நிறுவனத்தைப் பற்றிச் சொல்லி, காரணத்தைக் கண்டுபிடி என்று எதிரே உட்கார்ந்து கேட்பார்கள். அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். புராடக்ட் மேனேஜர் பணிக்கான தயாரிப்பு வேறு, நிதித்துறைக்கான தயாரிப்பு வேறு. மூன்றுக்கும் ஒரே நேரத்தில் தயாராக முயன்றவர்கள் என் வகுப்பில் மிகவும் திணறினார்கள். தெளிவு வந்தது உண்மைதான், ஆனால் பலருக்கு அது இரண்டாம் ஆண்டில் வந்தது.

இவ்வளவு சொன்ன பிறகும், போனதற்காக நான் வருந்தவில்லை. கணக்கியலையும் நிதியையும் புத்தகத்திலிருந்தே கற்கலாம். அதற்காக யாரும் வேலையை விட வேண்டியதில்லை. புத்தகம் தராத ஒன்றை வகுப்பு தந்தது. ஹார்வர்டில் வளர்ந்து பின்னர் எங்கும் பரவிய கேஸ் முறையில், ஒரு நிறுவனத்தின் சிக்கலை முந்தைய இரவு படித்துவிட்டு வந்து, முழுத் தகவல் இல்லாமலேயே மறுநாள் ஒரு நிலைப்பாடு எடுத்துப் பேச வேண்டும். பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. பொறியாளர்களாகிய நாம் விடை உறுதியாகும்வரை வாய் திறக்க மாட்டோம். நாம் எண்களைச் சரிபார்த்து முடிப்பதற்குள் விற்பனைத் துறையிலிருந்து வந்தவர் பாதித் தகவலோடு எழுந்து பேசி, விவாதத்தின் போக்கையே திருப்பிவிடுவார். நீங்கள் உட்கார விரும்பும் அந்த அறையில் நடப்பதும் இதுவே. அந்தக் கூச்சம் எனக்கு அங்கேதான் போயிற்று.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு நிரலிலிருந்து விலகியிருந்தபின் பழைய பணிக்கே திரும்புவது சங்கடமானது. கருவிகள் மாறியிருக்கும், உங்களோடு இருந்தவர்கள் ஆர்கிடெக்ட் ஆகியிருப்பார்கள், நேர்காணல் செய்பவர் நீங்கள் இன்னொரு முறை ஓடிவிடுவீர்களா என்று சந்தேகப்படுவார்.

பதில் 3: வார இறுதி மாணவர்

வேலையை விடுவது, படிப்பது ஆகிய இரண்டையும் ஏன் ஒரே முடிச்சாகப் போடுகிறீர்கள் என்பதே என் கேள்வி. இத்தகைய விவாதங்களில் எடுத்துக்காட்டாக இழுக்கப்படும் சத்யா நாதெள்ளா, 1992-ல் மைக்ரோசாப்டில் சேர்ந்து, அந்த வேலையை விடாமலேயே சிகாகோ பல்கலைக்கழகத்தில் வார இறுதி வகுப்புகளுக்குச் சென்று 1997-ல் எம்.பி.ஏ. முடித்தவர். சுந்தர் பிச்சை பொறியாளர் வேலைக்குப் பின் முழுநேரமாக வார்ட்டன் வணிகப் பள்ளியில் படித்து 2002-ல் பட்டம் பெற்று, மெக்கின்சி என்ற கன்சல்டிங் நிறுவனம் வழியாக 2004-ல் கூகுளுக்கு வந்தவர். இருவரும் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதே பட்டத்தோடு சாதாரணப் பதவிகளில் இருப்பவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இரண்டு வழியும் உண்டு என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

பகுதிநேரப் படிப்பின் சிரமத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோளாறு வந்தால் எந்நேரமும் அழைக்கப்படும் ஆன்-கால் முறை உங்களுக்கு இருந்தால், சனிக்கிழமை வகுப்பில் மடிக்கணினியோடு வெளியே ஓடும் நாள்கள் கட்டாயம் வரும். வளாக நேர்காணல்களில் பகுதிநேர மாணவர்களை முழுநேர மாணவர்களுக்குச் சமமாகச் சேர்த்துக்கொள்ளாத கல்லூரிகளும் உண்டு; விண்ணப்பிக்கும் முன் அதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நிறுவனம் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்றால், படிப்பு முடிந்தபின் இத்தனை ஆண்டு பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் கூடவே வரும்.

பதில் 4: ஆளெடுக்கும் பக்கத்திலிருந்து

புராடக்ட் பணிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் இடத்தில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். மேலே எழுதியவர்களோடு சற்று மாறுபடுகிறேன்.

மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். படிப்பு ஒருவருக்குத் திறமையைக் கூட்டாவிட்டாலும், அவர் திறமையானவர் என்பதை முன்பின் தெரியாத முதலாளிக்கு உணர்த்தும் சமிக்ஞையாக அது வேலை செய்யக்கூடும் என்பது அதன் சாரம். அந்தத் துறையில் செய்த பணிக்காக 2001-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், இடையில் 1990-களில் அவர் ஸ்டான்போர்டின் வணிகப் பள்ளிக்கே தலைவராக இருந்தார். அந்தக் கோணத்தில் உங்கள் நிலையைப் பாருங்கள். சமிக்ஞை தேவைப்படுவது உங்களைத் தெரியாதவர்களிடம். உங்கள் நிறுவனத்தில் நிதிப் பிரிவுக்கும் உங்களைத் தெரியும், புராடக்ட் பிரிவுக்கும் உங்களைத் தெரியும். பில்லிங் அமைப்பின் உட்புறமும், வருவாய் எப்படிக் கணக்கில் ஏறுகிறது என்ற வெளிப்புறமும் அறிந்த ஒருவர் பில்லிங் சார்ந்த புராடக்ட் மேனேஜர் பணிக்கு என்னிடம் விண்ணப்பித்தால், அவரிடம் எம்.பி.ஏ. இருக்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை.

கன்சல்டிங் வேறு கதை. பெரிய கன்சல்டிங் நிறுவனங்கள் குறிப்பிட்ட சில வணிகப் பள்ளிகளின் வளாகங்களுக்கே சென்று ஆண்டுதோறும் மொத்தமாக ஆள் எடுக்கின்றன. வெளியிலிருந்து தனியாகப் போய்க் கதவைத் தட்டினால் திறப்பது அரிது. அங்கே பட்டம் உண்மையிலேயே ஒரு திறவுகோல். ஆகவே, புராடக்ட் என்றால் போக வேண்டாம், கன்சல்டிங் என்றால் போகலாம், தொழில் என்றால் இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. மூன்றில் எது என்று தெரியாத நிலையில் 338 செலவழிப்பதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்களுடையதைப் போலச் சந்தாவில் ஓடும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுங்கள். வருமான அறிக்கை, இருப்புநிலைக் குறிப்பு, பணப்பாய்வு அறிக்கை ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்கூட்டியே பெற்ற தொகை மூன்றிலும் எங்கெங்கே தலைகாட்டுகிறது என்று தொடர்ந்து செல்லுங்கள். நிகர நட்டம் காட்டும் நிறுவனத்தின் இயக்கப் பணப்பாய்வு, அதாவது அன்றாடத் தொழிலால் கையில் சேரும் பணம், எப்படி மிகையாக இருக்க முடிகிறது என்பதை உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதி முடித்ததும் அடுத்த நிறுவனத்தை எடுக்கக் கை பரபரத்தால், உங்கள் ஆர்வம் உண்மையானது. பாதியில் சலித்துப்போனால், உங்களை ஈர்த்தது வணிகம் அன்று, அந்த அறை மட்டுமே. அதற்கு வேறு வழிகள் உண்டு.

பில்லிங்லீட்

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. ஆண்டறிக்கைச் சோதனையை நேற்றிரவே தொடங்கிவிட்டேன். பங்குகளாக ஊழியர்களுக்குத் தரும் ஊதியம் வருமான அறிக்கையில் செலவாகக் கழிக்கப்பட்டு, கையைவிட்டுப் பணம் போகாததால் பணப்பாய்வில் மீண்டும் கூட்டப்படுவதைப் பார்த்தபின் தூக்கம் போய்விட்டது. சலிப்பு இல்லை என்பது உறுதி.

கன்சல்டிங் என்பதை என் பட்டியலில் ஏன் வைத்திருந்தேன் என்று யோசித்தபோது, தெரிந்தவர்கள் போனார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. ஆகவே முதலில் நிறுவனத்துக்குள்ளேயே புராடக்ட் பக்கம் நகர முடியுமா என்று அடுத்த அப்ரைசல் பேச்சின்போது கேட்கப் போகிறேன். அது நடக்காவிட்டால் பகுதிநேரப் படிப்பைப் பார்ப்பேன். இரண்டு சிறிய ஐயங்கள் மட்டும். வணிகப் பள்ளிகளில் சேர்வதற்கான ஜிமேட் தேர்வை இப்போதே எழுதி வைத்துக்கொள்வது பயனுள்ளதா? அடுத்ததாக, மேற்படிப்பு எண்ணத்தை மேலாளரிடம் இப்போதே சொல்லலாமா?

பதில் 5: முழுநேரம் படித்தவர்

ஜிமேட்டை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். 2023-ன் இறுதியில் வந்த புதிய வடிவத்தில் கட்டுரையும் இல்லை, வடிவியலும் இல்லை. கணிதம், மொழி, தரவு ஆய்வு என மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம், மதிப்பெண் 205-இலிருந்து 805 வரை. கணிதப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது என்பதால், நம் துறையினருக்குப் பாடத்தைவிட மனக்கணக்கின் வேகமே தடையாக நிற்கும். மொழிப் பகுதிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

மேலாளரிடம் படிப்பைப் பற்றி இப்போது பேச வேண்டாம். புராடக்ட் பக்கம் நகர விரும்புகிறேன் என்பதை மட்டும் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், எப்படியும் போகப்போகிறவர்தானே என்று அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். விண்ணப்பிக்கும் காலத்தில் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும். அதற்குள் உங்கள் வேலையை நேரில் பார்த்த இன்னொரு மூத்தவரையும், இயன்றால் அந்த நிதிப் பிரிவிலிருந்தே ஒருவரையும், மனத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.